ஒரே குளம், நாலு படித்துறை: லினக்ஸில் ஒரே டிஸ்க் பல பெயரில் தெரிந்தால் கண்டுபிடிப்பது எப்படி

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, திருவாரூரில் ஓர் அலுவலகத்தில் சர்வர் பார்த்துக்கொள்ளும் தம்பி போன் செய்தான்.

"அண்ணே, சர்வர்ல புதுசா ஒரு 2 டிபி டிஸ்க் தெரியுதுண்ணே. பேக்கப்புக்கு வெச்சுக்கலாம்னு ஃபார்மட் போட்டேன். யெஸ்ஸுக்கு ஒய்யா, நோவுக்கு என்னான்னு கேக்குது. ஒய் குடுத்துடவா?"

"இரு, குடுக்காதே. அந்தக் கேள்விக்கு மேலே என்ன எழுதியிருக்கு, வாசி."

வாசித்தான். அந்த டிஸ்கில் ஏற்கெனவே இஎக்ஸ்டீ4 ஃபைல்சிஸ்டம் இருக்கிறது; கடைசியாக /டேட்டா என்ற இடத்தில், அன்று காலை 9:10க்கு மவுண்ட் ஆகியிருக்கிறது, அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கிறது.

"புது டிஸ்க்னா, இன்னிக்குக் காலையில அதை யார்ரா மவுண்ட் பண்ணினது?"

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நோவுக்கு என் தட்டிட்டு வெளியே வா" என்றேன். அந்த அலுவலகத்தின் ஆறு வருடக் கணக்கு வழக்கு முழுவதும் அந்த /டேட்டாவில்தான் இருந்தது. முந்தின நாள் ஸ்டோரேஜ் பெட்டிக்கு (டிஸ்க்குகளை நெட்வொர்க் வழியாக சர்வருக்குக் கொடுக்கும் தனிப் பெட்டி) இரண்டாவது நெட்வொர்க் கேபிள் செருகியிருக்கிறார்கள். காலையில் சர்வர் ரீபூட் ஆனதும் இரண்டு கேபிள் வழியாகவும் அதே டிஸ்க் வந்து நின்றது. ஒன்றுக்கு எஸ்டிபி என்று பெயர், மற்றதற்கு எஸ்டிசி என்று பெயர்.

ஸ்டோரேஜ் பெட்டி வைத்த சர்வரை முதன்முறையாகத் தொடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைகளையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது அந்தந்த ஆங்கில எழுத்தைத் தட்டிக்கொள்ளுங்கள். டி என்றால் டெல்லியின் டி, டீ என்றால் குடிக்கிற டீயின் முதல் எழுத்து. இந்த இரண்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

ஏன் இப்படித் தெரிகிறது

திருவாரூர்க் கமலாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்கரைப் படித்துறையில் இறங்கினாலும் கீழ்கரையில் இறங்கினாலும் கால் நனைவது ஒரே தண்ணீரில்தான். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், ஒவ்வொரு படித்துறையாகப் போய்ப் பார்த்து, "இந்த ஊரில் நாலு குளம் இருக்கிறது" என்று எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும்? லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முதலில் அப்படித்தான் எழுதிக்கொள்கிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்கின் பெயர்கள் அல்ல. கெர்னல் ஒரு டிஸ்கைப் போய்ச் சேர்ந்த வழிக்கு வைத்த பெயர்கள். ரீபூட் ஆனால் அந்த எழுத்துகள் இடம் மாறவும் செய்யும்.

வழிகளைப் பெருக்கி வைப்பது வேண்டுமென்றே செய்வது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, மரம் விழாத இன்னொரு ரோடு இருந்த ஊர்களுக்குத்தான் முதலில் வண்டி போனது. டேட்டாவுக்கும் அதே ஏற்பாடுதான். சர்வரில் இரண்டு போர்ட், நடுவில் இரண்டு ஸ்விட்ச், ஸ்டோரேஜ் பெட்டியில் இரண்டு கன்ட்ரோலர். ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் கேபிள் போனால் மொத்தம் நாலு வழி. பெட்டியில் ஒரு டிஸ்க் ஒதுக்கினால் சர்வரில் நாலு டிஸ்க் தெரியும். பத்து ஒதுக்கினால் நாற்பது. அந்த நாற்பதில் எது எதனுடைய வழி என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

அளவை நம்பாதீர்கள்

புதிதாக வருகிற எல்லாரும் முதலில் பார்ப்பது அளவைத்தான். இதுவும் 2 டிபி, அதுவும் 2 டிபி, அப்போ ஒன்றுதான் என்பார்கள். ஆரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். அளவு ஒன்று என்பதற்காகக் கோயிலும் குளமும் ஒன்றாகிவிடுமா? ஒரே அளவில் பத்து டிஸ்க் ஒதுக்குவது ஸ்டோரேஜ் ஆட்களின் அன்றாட வழக்கம்.

மறுபக்கமும் உண்டு. பெட்டியில் டிஸ்கை 2 டிபியிலிருந்து 3 டிபியாகப் பெரிதாக்கிவிட்டு, ஒரு வழியை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லி ரீஸ்கேன் செய்தால், அந்த வழியில் 3 என்றும் மற்ற வழியில் பழைய 2 என்றும் காட்டும். அளவு வேறு, டிஸ்க் ஒன்றே.

யூயூஐடியும் போதாது. பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடி, ஃபைல்சிஸ்டத்தை உருவாக்கும்போது டிஸ்கின் மேல் எழுதப்படுகிற ஒன்று. டிஸ்கை அப்படியே நகல் எடுத்தால் அதுவும் சேர்ந்து நகலாகிவிடும். டிஸ்கின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டிலும் அதே கதை. ஆகவே யூயூஐடி ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம். தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னும் ஃபார்மட் போடாத டிஸ்குக்கு யூயூஐடியே கிடையாது.

டிஸ்கையே கேளுங்கள்

நிலத்துக்கு ஊரில் பத்துப் பெயர் இருக்கும். ஆற்றங்கரை வயல் என்பார்கள், பெரியவர் வயல் என்பார்கள், தென்னந்தோப்புக்குப் பின்னாடி வயல் என்பார்கள். பத்திரம் எழுதும்போது சர்வே எண்ணைத்தான் கேட்பார்கள். டிஸ்குக்கும் ஒரு சர்வே எண் உண்டு. அதை டபிள்யூடபிள்யூஐடி என்கிறோம்; சில கட்டளைகளில் டபிள்யூடபிள்யூஎன் என்று வரும். சர்வரும் டிஸ்கும் பேசிக்கொள்ளும் ஸ்கஸி நெறிமுறையில் டிஸ்கிடம் "நீ யார்?" என்று கேட்க 83 என்ற எண்ணுள்ள பக்கம் ஒன்று இருக்கிறது. எந்த வழியில் போய்க் கேட்டாலும் டிஸ்க் ஒரே பதிலைத்தான் சொல்லும். கேபிள் மாறினாலும், ரீபூட் ஆனாலும், ஃபார்மட் போட்டாலும் அந்தப் பதில் மாறாது.

அதைப் பார்க்கச் சுலபமான வழி இது:

எல்எஸ்பிஎல்கே -டி -ஓ நேம்,சைஸ்,டபிள்யூடபிள்யூஎன்,ஹெச்சிடீஎல்,டீரான்

இதில் -டி என்பது பார்ட்டிஷன்களை விட்டுவிட்டு முழு டிஸ்க்குகளை மட்டும் காட்டச் சொல்கிறது. அன்று திருவாரூர்த் தம்பியிடம் இதைத்தான் தட்டச் சொன்னேன். எண்ணின் நடுப்பகுதியைச் சுருக்கி எழுதினால், வந்தது இப்படி இருந்தது:

எஸ்டிஏ – 447 ஜி – 0x5002…91 – 0:0:0:0 – சாட்டா
எஸ்டிபி – 2 டீ – 0x6001405…3சி7 – 6:0:0:0 – ஐஸ்கஸி
எஸ்டிசி – 2 டீ – 0x6001405…3சி7 – 7:0:0:0 – ஐஸ்கஸி

கடைசியில் ஐஸ்கஸி என்று இருந்தால் அந்த டிஸ்க் நெட்வொர்க் வழியாக வருகிறது. மூன்றாவது பத்தியைப் பாருங்கள். பிக்கும் சிக்கும் ஒரே எண். "முழுசா வாசி, கடைசி எழுத்து வரைக்கும்" என்றேன். வாசித்தான், எல்லாம் ஒன்று. நாலாவது பத்தியில் இருப்பது முகவரி: எந்த ஹோஸ்ட், எந்த சேனல், எந்த டார்கெட், எந்த லன் (பெட்டி ஒதுக்கிய டிஸ்கின் வரிசை எண்). அது 6 என்றும் 7 என்றும் மாறுகிறது. எண் ஒன்று, முகவரி வேறு. ஒரே குளம், வேறு படித்துறை.

எண்ணின் முதல் இலக்கமும் ஒரு சேதி சொல்லும். 5 என்று தொடங்கினால் பெரும்பாலும் சர்வருக்குள்ளேயே இருக்கும் டிஸ்க். மொத்தம் 16 இலக்கம். 6 என்று தொடங்கினால் 32 இலக்கம், ஸ்டோரேஜ் பெட்டி பிரித்துக் கொடுத்தது. 6001405 என்று தொடங்குவது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் ஐஸ்கஸி டார்கெட் தருகிற எண்.

டிஸ்க் நிறைய இருந்தால் கண்ணால் ஒப்பிட முடியாது. அப்போது:

எல்எஸ்பிஎல்கே -டிஎன்ஓ டபிள்யூடபிள்யூஎன் | சார்ட் | யூனிக் -சிடி

ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வருகிற எண்களை மட்டும், எத்தனை தடவை வருகிறது என்ற கணக்கோடு இது காட்டும். நாலு வழி போட்ட சர்வரில் எல்லா எண்ணுக்கும் 4 என்று வரவேண்டும். ஒன்றுக்கு மட்டும் 3 வந்தால் எங்கோ ஒரு கேபிளோ ஸ்விட்ச் அமைப்போ சரியில்லை. கணக்குக்குப் பக்கத்தில் எதுவும் இல்லாமல் ஒரு வரி வந்தால், அது எண்ணே இல்லாத லூப் சாதனங்கள், டிவிடி போன்றவற்றின் கூட்டம். அதை விட்டுவிடலாம்.

உட்பிரிவை விட்டுவிடாதீர்கள்

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். நன்றாக வேலை தெரிந்தவர்கள் சறுக்கியும் பார்த்திருக்கிறேன்.

சாதனங்களின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் யூடெவ் என்ன தெரிந்து வைத்திருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு:

யூடெவ்அட்ம் இன்ஃபோ --கொயரி=ப்ராப்பர்ட்டி --நேம்=/டெவ்/எஸ்டிபி

வருகிற வரிகளில் ஐடி_டபிள்யூடபிள்யூஎன் என்று ஒன்று இருக்கும். கொஞ்சம் தள்ளி ஐடி_டபிள்யூடபிள்யூஎன்_வித்_எக்ஸ்டென்ஷன் என்று இன்னொன்றும் இருக்கும். முதலாவது 32 இலக்கத்தில் முன்பாதி 16 மட்டும். ஒரே பெட்டியிலிருந்து வரும் வெவ்வேறு டிஸ்க்குகளுக்கு அந்த முன்பாதி ஒன்றாகவே இருக்கலாம். சர்வே எண் 112 என்று மட்டும் சொன்னால் 112/1ஆ, 112/2ஆ என்று எப்படித் தெரியும்? இரண்டுக்கும் சொந்தக்காரர் வேறு. உட்பிரிவோடு சேர்த்து, இரண்டாவது வரியைத்தான் ஒப்பிட வேண்டும். முன்பாதியை மட்டும் பார்த்து இரண்டு தனித்தனி டிஸ்க்கை ஒன்று என்று நினைப்பது, ஒன்றை இரண்டு என்று நினைப்பதற்குச் சற்றும் குறையாத ஆபத்து.

அதே எண் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும் என்பதையும் மனதில் வையுங்கள். எல்எஸ்பிஎல்கே முன்னால் 0x ஒட்டும். /சிஸ் அடைவில் பார்த்தால்,

கேட் /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டபிள்யூடபிள்யூஐடி

என்று கேட்டால், முன்னால் "என்ஏஏ" என்று எழுதி ஒரு புள்ளி வைத்துக் கொடுக்கும். யூடெவின் ஐடி_சீரியலிலும், வழிகளை ஒன்றாகக் கட்டும் மல்டிபாத்திலும் முன்னால் ஒரு 3 கூடுதலாக இருக்கும். அந்த 3, பின்னால் வருவது எந்த வகை எண் என்பதைச் சொல்லும் குறி. எண்ணின் பகுதி அல்ல. ஸ்டோரேஜ் ஆளிடம் எண்ணைச் சொல்லும்போது அந்த 3ஐ நீக்கிவிட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் தேடிப் பார்த்துவிட்டு "அப்படி ஒரு டிஸ்க்கே எங்களிடம் இல்லை" என்பார்.

எண் வரவேண்டிய இடம் காலியாக இருந்தால்? மெய்நிகர் கணினிகளில் இது சகஜம். விஎம்வேரில் டிஸ்க்.எனேபிள்யூயூஐடி என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்தால்தான் உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு எண் தெரியும். எண் காலியாக இருப்பதை வைத்து "இது வேறு டிஸ்க்" என்று முடிவு கட்டாதீர்கள்.

எந்தப் படித்துறை எது

எல்எஸ் -எல் /டெவ்/டிஸ்க்/பை-பாத்

இங்கே ஒவ்வொரு வழிக்கும் ஒரு வரி. ஐஸ்கஸி என்றால் ஸ்டோரேஜின் ஐபி முகவரியும் 3260 என்ற போர்ட்டும் அந்தப் பெயரிலேயே இருக்கும். எஸ்டிசி எந்த ஐபி வழியாக வந்தது, அதாவது எந்தக் கேபிள் வழியாக வந்தது என்று உடனே தெரிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் பை-ஐடி அடைவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரே பெயருக்கு அங்கே ஒரே சுட்டிதான் இருக்க முடியும் என்பதால், நாலு வழி இருந்தாலும் ஒன்றை மட்டும்தான் காட்டும். மற்ற மூன்றும் இல்லாதது போல் தோன்றும்.

கவனிக்காமல் விட்டால்

ஒரே டிஸ்க்கை இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் மவுண்ட் செய்தால், கெர்னல் இரண்டுக்கும் தனித்தனியாக நினைவகத்தில் நகல் வைத்துக்கொள்ளும். ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தெரியாது. இரண்டும் மாறி மாறி ஒரே இடத்தில் எழுதும். சில மணி நேரத்தில் ஃபைல்சிஸ்டம் சிதைந்துவிடும். இஎக்ஸ்டீ4 வழக்கமான அமைப்பில் இதைத் தடுப்பதில்லை.

எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் தடுக்கும். யூயூஐடி ஏற்கெனவே இருக்கிறது, மவுண்ட் செய்ய மாட்டேன் என்று மறுத்துவிடும். அப்போது இணையத்தில் தேடினால் "நோயூயூஐடி என்ற ஆப்ஷன் போடு, ஏறிவிடும்" என்று பதில் கிடைக்கும். தயவுசெய்து போடாதீர்கள். அந்த ஆப்ஷன் ஸ்னாப்ஷாட், நகல் போன்ற உண்மையிலேயே வேறான டிஸ்க்குக்காக இருப்பது. அதைப் போடுவதற்கு முன்னால் டபிள்யூடபிள்யூஐடியைப் பாருங்கள். எண் வேறு என்றால் நகல், போடலாம். எண் ஒன்று என்றால் அது இன்னொரு வழி, கையை எடுத்துவிடுங்கள்.

டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரித்துத் தரும் எல்விஎம் வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சேதி வந்துவிடும். ஒரே பிவி (எல்விஎம்மிடம் ஒப்படைத்த டிஸ்க்) இரண்டு இடத்தில் இருக்கிறது, இதை எடுத்துக்கொள்கிறேன், அதை விட்டுவிடுகிறேன் என்று எச்சரிக்கை காட்டும். எச்சரிக்கைதானே என்று வருடக்கணக்கில் அப்படியே விட்ட சர்வர்கள் இருக்கின்றன. கேபிள் போட்டும் பலன் இல்லாத நிலை அது: எல்விஎம் எடுத்துக்கொண்ட அந்த ஒரு வழி அறுந்தால் எல்லாம் நின்றுவிடும்.

வீட்டிலேயே பழகிப் பாருங்கள்

இதற்கு லட்ச ரூபாய் ஸ்டோரேஜ் வேண்டாம். கெர்னலிலேயே ஸ்கஸி_டிபக் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. நினைவகத்தில் பொய் டிஸ்க் உருவாக்கித் தரும்.

சூடோ மாட்ப்ரோப் ஸ்கஸி_டிபக் ஆட்_ஹோஸ்ட்=4 விபிடி_யூஸ்_ஹோஸ்ட்நோ=0

(விபிடியில் நடு எழுத்து பாண்டிச்சேரியின் பி.) இதைத் தட்டியதும் 8 எம்பி அளவில் நாலு டிஸ்க் முளைக்கும். உண்மையில் அது ஒரே டிஸ்க்கின் நாலு வழி. முன்னே சொன்ன எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்தால் நாலுக்கும் ஒரே எண், வரிசையாக மூன்றுகளும் பூஜ்யங்களும் வந்து 7டி0 என்று முடியும். பதினாறடிமான எண்ணில் 7டி0 என்றால் நம் கணக்கில் 2000. சூடோ மாட்ப்ரோப் -ஆர் ஸ்கஸி_டிபக் கொடுத்து எடுத்துவிட்டு, கடைசியில் இருக்கும் =0ஐ =1 ஆக்கி மறுபடி ஏற்றிப் பாருங்கள், நாலுக்கும் நாலு எண் வரும். இரண்டையும் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

கெர்னலோடு வராமல் சில இடங்களில் இந்த மாட்யூல் தனிப் பேக்கேஜில் இருக்கும். பழகி முடித்ததும் அதே மாட்ப்ரோப் -ஆர் கொடுத்து எடுத்துவிடுங்கள். இந்தப் பொய் டிஸ்க்குகளில் எதையாவது எழுதிப் பார்க்க ஆசைப்பட்டால், எல்எஸ்பிஎல்கே -டி -ஓ நேம்,மாடல் கொடுத்து, மாடல் பத்தியில் ஸ்கஸி_டிபக் என்று இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். உங்கள் சொந்த டிஸ்க்கும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

கண்டுபிடித்தாயிற்று, அப்புறம்?

வழிகளை ஒன்றாகக் கட்டும் வேலை மல்டிபாத்துக்கு. டெபியன், உபுண்டுவில் மல்டிபாத்-டூல்ஸ் பேக்கேஜ். ரெட் ஹாட் குடும்பத்தில் டிவைஸ்-மேப்பர்-மல்டிபாத். அதை நிறுவியதும் எம்பாத்கான்ஃப் --எனேபிள் கொடுக்க வேண்டும். சேவையைத் தொடங்கிவிட்டு,

மல்டிபாத் -எல்எல்

என்று கேட்டால், ஒரு டிஸ்க்குக்கு ஒரு தலைப்பும், அதன் கீழே அதன் வழிகளும் வரும். நாம் கையால் கண்டுபிடித்த அதே கூட்டம் அங்கே இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்டிபி ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருந்தால் மல்டிபாத்தால் அதைப் பிடிக்க முடியாது. பேக்கப் எடுத்து, பயன்படுத்துகிறவர்களிடம் சொல்லிவிட்டு, அன்மவுண்ட் செய்து, பிறகு /டெவ்/மேப்பர் கீழே வந்திருக்கும் எம்பாத்ஏ போன்ற பெயரில் மவுண்ட் செய்யுங்கள். பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் எஸ்டிபி என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். சரியாகக் கட்டியாயிற்றா என்று அறிய எல்எஸ்பிஎல்கே -எஃப்: வழிகளுக்கு நேராக இஎக்ஸ்டீ4 என்று இல்லாமல் எம்பாத்_மெம்பர் என்று காட்டும். அதற்குப் பிறகு யாரும் தெரியாமல் எஸ்டிசியைப் புது டிஸ்க் என்று நினைக்க வாய்ப்புக் குறைவு.

ஸ்கஸிக்குப் பதில் என்விஎம்இ நெறிமுறையில் வரும் ஸ்டோரேஜ் என்றால் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. கெர்னலே வழிகளை மறைத்து ஒரே டிஸ்க்காகக் காட்டிவிடும். வழிகளைப் பார்க்க என்விஎம்இ லிஸ்ட்-சப்சிஸ் போதும்.

திருவாரூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நானே நேரில் போனேன். மல்டிபாத் கட்டி முடித்ததும், ஒரு பெரிய ஃபைலை /டேட்டாவுக்கு நகலெடுக்க விட்டுவிட்டு, "இப்போ ஒரு கேபிளைப் பிடுங்கு" என்றேன். தம்பிக்குக் கை வரவில்லை. "பிடுங்குடா, நான் இருக்கேன்ல" என்றதும் பிடுங்கினான். நகல் ஓட்டம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மல்டிபாத் -எல்எல்லில் எஸ்டிசிக்கு நேராக ஃபெயில்டு, ஃபால்டி என்று வந்தது. அப்புறம் நகல் மறுபடி ஓட ஆரம்பித்தது. கேபிளைத் திரும்பச் செருகி, அந்த வரி ஆக்டிவ், ரெடி, ரன்னிங் என்று மாறும்வரை இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு இரண்டு கேபிளுக்கும் ஐபி முகவரியை எழுதிச் சீட்டு ஒட்டினான். ஸ்டோரேஜின் டபிள்யூடபிள்யூஐடியை 32 இலக்கமும் விடாமல் எழுதி, சர்வர் ரேக்கின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினான்.